கார் ஷெட்டில் வளரும் இறக்கை

கேள்வி: அமெரிக்காவில் வீட்டிலேயே விமானம் கட்டிப் பறக்கிறார்களாமே, நிஜமா? அரசாங்கம் எப்படி விடுகிறது?
– ஒரு வாசகி, கோவில்பட்டி

பதில்: நிஜம்தான். கார் வெளியே வெயிலில் நிற்கும். ஷெட்டுக்குள் இறக்கை வளரும். கட்டும் வேலையில் பாதிக்கு மேல் அமெச்சூர்கள் தங்கள் கையால் செய்திருக்க வேண்டும், அதுவும் கற்றுக்கொள்ளவோ மனமகிழ்ச்சிக்கோ மட்டுமே என்கிறது அங்குள்ள சட்டம். மகிழ்ச்சிக்கு இடம் கொடுத்த சட்டத்துக்கு ஒரு சபாஷ்!

ஒரிகன் மாநிலத்தின் ரிச்சர்ட் வான்கிரன்ஸ்வென் வடிவமைத்த ஆர்வி வகை விமானம்தான் இதில் ராஜா. 10,000-க்கும் மேற்பட்ட ஆர்விகள் பறந்துவிட்டன. அலுமினியத் தகடு, துளை, ரிவெட். மறுபடி தகடு, துளை, ரிவெட். ஆயிரக்கணக்கில்! பல இடங்களில் ஒருவர் காற்றுச் சுத்தியால் அடிக்க, இன்னொருவர் மறுபக்கம் இரும்புக் கட்டையை அழுத்திப் பிடிக்க வேண்டும். தம்பதியர் ஒற்றுமைக்கு இதைவிடப் பெரிய பரீட்சை இல்லை. ரிவெட் கோணிவிட்டால் துளைத்து எடுத்துவிட்டு மறுபடி அடிக்க வேண்டும். வருடக்கணக்கில் நீளும் அந்தப் பொறுமைக்குத்தான் என் கும்பிடு.

கட்டி முடித்ததும் பரிசோதகர் வந்து பார்த்துச் சான்றிதழ் தருவார். அப்புறம் வழக்கமாக 25 அல்லது 40 மணி நேரம், குறித்த எல்லைக்குள் சோதனைப் பறப்பு. அதுவரை உல்லாசப் பயணிகளுக்கு இடமில்லை.

எடுத்த எடுப்பில் முழு விமானத்துக்கான பாகங்களையும் வாங்க வேண்டியதில்லை. வால் பகுதிக்கான பாகங்களைத்தான் பலர் முதலில் வாங்குகிறார்கள். அது முடிந்தும் ஆசை அடங்காதவர்களே இறக்கைக்குப் போகிறார்கள்.