கோபன்ஹேகனின் நாலடியார்

கேள்வி: கோபன்ஹேகனில் கடல்கன்னி சிலையைப் பார்க்கக் குளிரில் கால் கடுக்க நடந்தோம். போனால் நாலடிதான்! இதற்கா இத்தனை பேர்?

பதில்: உட்கார்ந்திருக்கும் பெண் பின்னே எத்தனை அடி இருப்பாள்? 1913-ல் பீர் ஆலை முதலாளி கார்ல் யாகோப்சன் செலவில் இதைச் செய்த எட்வர்ட் எரிக்சன், உடலுக்குத் தன் மனைவியையே மாடலாக உட்கார வைத்தார். 1.25 மீட்டர் வெண்கலம் அந்தக் கணக்குக்குச் சரிதான். ஊதிப் பெருக்கியது போஸ்ட்கார்டு: எதிர்க்கரைத் தொழிற்சாலைக் கட்டடங்களை வெட்டிவிடுவார்கள், அளவு காட்டப் பக்கத்தில் ஓர் ஆள்கூட இருக்காது. ‘உருவம் சிறியதாகவே இருக்கட்டும், புகழுக்கு ஒரு தகுதி வேண்டாமா?’ என்பீர்கள். 1964-லும் 1998-லும் தலையை அறுத்துக்கொண்டு போனார்களே, பிரபலத்துக்கு அதைவிடச் சான்றிதழ் உண்டா? (அறுத்தவர்கள் உயரம் போதவில்லை என்று திரும்பிவிடவில்லை.) உங்களுக்காவது சிலை இருந்தது. 2010-ல் அம்மணி ஷாங்காய் உலகக் கண்காட்சிக்குக் கிளம்பிவிட, கோபன்ஹேகனுக்குப் போனவர்களுக்குக் கிடைத்த தரிசனம் ஒரு வீடியோ திரை!