ஓசி வானம்

இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் ஒரு கேரவான் முகாம். வண்டி வந்து நின்றதும் இறங்குகிறவர் ஏரியைப் பார்த்தால் சாதாரணப் பயணி. மலையைப் பார்த்தால் கவிஞர். இரண்டுக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, கண்ணைச் சுருக்கி, தென்கிழக்கே ஒன்றுமே இல்லாத ஒரு மூலையை வெறித்துப் பார்த்தால் சந்தேகமே வேண்டாம், அவர்தான் நம் ஆள்.

அந்த மூலையில், பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 35,800 கிலோமீட்டர் உயரத்தில், கிழக்கே 28.2 டிகிரியில் அஸ்ட்ரா செயற்கைக்கோள்கள் குடியிருக்கின்றன. பி.பி.சி.யும் ஐ.டி.வி.யும் இன்னும் பல சேனல்களும் மாதச் சந்தா இல்லாமல் அங்கிருந்துதான் இறங்குகின்றன. 2008 மே மாதம் அந்த இரு நிறுவனங்களும் சேர்ந்து ஃப்ரீசாட்டைத் தொடங்கின. கருவியை ஒருமுறை வாங்கிவிட்டால் போதும், அப்புறம் காசே கிடையாது என்பது ஏற்பாடு. இந்த வாக்கியத்தின் பின்பாதி நம்மவர் நெஞ்சில் அன்றே பதிந்துவிட்டது. முன்பாதி இன்னும் போய்ச் சேரவில்லை.

ஆள் ஏழை என்று நினைத்துவிடாதீர்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றாயிற்று, வீட்டுக் கடன் அடைந்தாயிற்று, மாதம் பிறந்தால் பென்ஷன். பல்லாயிரம் பவுண்டு கொடுத்து கேரவான் வாங்கியிருக்கிறார். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். அந்தச் செயற்கைக்கோள்களைப் பிடிக்கும் டிஷ்ஷை மூன்று பவுண்டுக்கு வாங்கிய கதையை மட்டும் முகாமில் யார் மாட்டினாலும் சொல்வார். விற்றவன் ஐந்து கேட்டான் என்பதில் தொடங்கி, கடைசியில் அவனே இரண்டு திருகாணிகளைச் சும்மா கொடுத்தான் என்பதில் முடியும்.

தொலைக்காட்சி லைசென்ஸ் என்று ஒன்று அங்கே உண்டு. 2025இல் ஆண்டுக்கு 174.50 பவுண்டு. வீட்டுக்கு எடுத்திருந்தால் இழுத்துப்போகிற கேரவானுக்குத் தனியாக வேண்டாம். இந்த விதியை அரசாங்கம் தனக்கென்றே எழுதியதாக அவர் நம்புகிறார். வீட்டில் உட்கார்ந்து பார்த்தால் அந்தப் பணத்துக்கு டிவி பார்த்ததாக ஆகும். கேரவானில் பார்த்தால் அதே பணத்துக்கு இரண்டாவது தடவை பார்த்ததாக ஆகுமாம். கணக்குத் தணிக்கையாளர்கள் தலையிட வேண்டாம்.

கொள்முதலுக்கு அவர் கடைக்குப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊர்ப்புற மைதானங்களில் ஆளாளுக்குக் கார் டிக்கியைத் திறந்துவைத்துப் பழைய சாமான் விற்பார்கள். அங்கேதான் போவார். அது போதாதென்று, ஸ்கை நிறுவனத்தின் டிஷ் வைத்திருந்த வீடுகள் ஒவ்வொன்றாக இன்டர்நெட்டுக்கு மாறிக்கொண்டிருக்கின்றன. சுவரில் டிஷ் அனாதையாக நிற்பதைப் பார்த்தால் வண்டியை நிறுத்திக் கதவைத் தட்டிவிடுவார். இங்கிலாந்துக்கு 60 சென்டிமீட்டர் டிஷ் தாராளம், ஸ்காட்லாந்தின் வடக்கே போனால் 80 இருப்பது நல்லது என்பார். ஆகவே இரண்டும் வைத்திருக்கிறார். பெட்டிக்குள் மடங்குகிற சூட்கேஸ் டிஷ் ஒன்றும் இருக்கிறது. அது சின்னது. வானம் தெளிவாக இருந்தால் படம் வரும், கனமழை பிடித்தால் போய்விடும். அந்த நாட்டில் மழை பெய்தால்தான் முகாமில் யாருக்கும் டிவி பார்க்கவே தோன்றும் என்பது அதைத் தயாரித்தவருக்குத் தெரியவில்லை.

டிஷ் மலிவு. மற்றவைதான் வரிசையாக வந்து நிற்கும். டிஷ்ஷின் மூக்கில் மாட்டும் எல்.என்.பி., அதை நிறுத்த முக்காலி, முக்காலி நேராக நிற்கிறதா என்று பார்க்க ரசமட்டம், திசைகாட்டி, கேபிள், கேபிள் முனைக்குத் திருகு பின், காற்றில் முக்காலி சாயாமல் கட்ட ஆணியும் கயிறும். ரிசீவர் 12 வோல்ட்டில் ஓட வேண்டும். கேரவான் பேட்டரியோ சார்ஜ் ஆகும்போது 14 வோல்ட்டைத் தாண்டும், அதனால் நடுவில் ஒரு ரெகுலேட்டர். இப்படி அந்த மூன்று பவுண்டு டிஷ்ஷுக்குப் பரிவாரம் சேர்ந்துகொண்டே போகிறது. புதுப் பெட்டியில் எல்லாம் அடங்கிய செட் ஒன்று நூறு பவுண்டுக்குள் கிடைக்கும் என்று மகன் சொன்னான். "கடையில் வாங்க யாருக்குத்தான் தெரியாது?" என்று வாயை அடைத்துவிட்டார்.

அவருடைய வாழ்க்கையில் விழுந்த பெரிய அடி 2024 தொடக்கத்தில் வந்தது. செயற்கைக்கோளில் பி.பி.சி. தன் சாதாரணத் தர ஒளிபரப்பை நிறுத்திவிட்டு, உயர்தர ஒளிபரப்பை மட்டும் வைத்துக்கொண்டது. டிக்கிச் சந்தையில் ஒரு பவுண்டு, இரண்டு பவுண்டு என்று வாங்கிச் சேர்த்த பழைய ரிசீவர்கள் எல்லாம் ஒரே நாளில் பி.பி.சி.க்குக் குருடாகிப் போயின. அவர் அவற்றை எறியவில்லை. கராஜில் அடுக்கியிருக்கிறார். பி.பி.சி. மனம் மாறினாலும் மாறலாம்.

இனி வித்தைக்கு வருவோம். லண்டன் பக்கம் நின்று பார்த்தால் அந்தச் செயற்கைக்கோள் தெற்கிலிருந்து கிழக்கே 35 டிகிரி தள்ளி, தரையிலிருந்து 25 டிகிரி உயரத்தில் இருக்கிறது. கேட்பதற்குச் சுலபம். ஆனால் இங்கே ஒரு டிகிரி பிசகினால் அங்கே அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் பிசகிவிடும். பத்து மீட்டர் உயர மரம் குறுக்கே இருந்தால் அதிலிருந்து இருபத்தோரு மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும். ஆகவே முகாம் அலுவலகத்தில் மற்றவர்கள் ஏரிக்கரை இடம் கேட்பார்கள். இவர் குப்பைத்தொட்டிக்குப் பக்கத்து இடத்தைக் கேட்டு வாங்குவார். அங்கிருந்துதான் தென்கிழக்கு திறந்திருக்கிறதாம்.

திசைகாட்டியை முதலில் கேரவான் மேலேயே வைத்துப் பார்ப்பார். இரும்பைக் கண்ட முள், வடக்கு எது என்பதில் தனக்கென்று ஒரு கருத்தை வைத்துக்கொள்ளும். பிறகு நடந்துபோய் முகாமுக்கு வெளியே உள்ள வீடுகளைப் பார்த்துவிட்டு வருவார். அந்த நாட்டில் வீட்டுச் சுவர் டிஷ்கள் எல்லாம் ஒரே மூலையைத்தான் பார்க்கும். அப்படி ஒருவர் வீட்டு முன்னால் நின்று, கையை நீட்டி, மாடிச் சன்னல் பக்கமாகக் கோணம் எடுத்ததில் ஒருமுறை போலீஸ் வரை போயிற்று என்று மனைவி சொல்கிறார். அவர் மறுக்கிறார். போலீஸ் வந்தது வேறொரு ஊரில் என்கிறார்.

முக்காலி நின்றதும் மனைவி உள்ளே டிவி முன்னால், இவர் வெளியே டிஷ் பின்னால்.

"வந்துச்சா?"

"வரல."

"இப்ப?"

"வரல."

"இப்ப?"

"வந்துச்சு... போயிடுச்சு."

"எங்க வச்சிருந்தப்ப வந்துச்சு?"

"உள்ள இருக்கற எனக்கு அது எப்படித் தெரியும்?"

எண்பதுகளில் மொட்டை மாடியில் ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பி இலங்கையின் ரூபவாஹினியைப் பிடித்த நம் கடலோரக் குடும்பங்கள் மேலும் கீழுமாகக் கத்திக்கொண்டதைப் போலவே இருக்கும். ஒரு வித்தியாசம், வெள்ளைக்காரர்கள் என்பதால் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முடிவில் 'டியர்' உண்டு. நேரம் ஆக ஆக அதன் அழுத்தம் மாறும்.

இதற்கென்றே சிக்னல் மீட்டர் ஒன்று கழுத்தில் தொங்குகிறது. செயற்கைக்கோள் அகப்பட்டால் கீச்சென்று கத்தும். எந்தச் செயற்கைக்கோள் என்று சொல்லாது. அங்கேதான் கூத்து. டிஷ்ஷைத் தெற்கிலிருந்து கிழக்கே திருப்பிக்கொண்டு வந்தால் வழியில் 13 டிகிரியில் ஹாட் பேர்ட், பிறகு 19.2இல் இன்னொரு அஸ்ட்ரா, அதற்கும் அப்புறம்தான் நமக்கு வேண்டிய 28.2. மீட்டர் எல்லோருக்கும் ஒரே குரலில் கத்துகிறது. முதல் கத்தலில் "பிடிச்சிட்டேன்!" என்பார். உள்ளே இத்தாலியப் பாதிரியார் ஆசீர்வதித்துக்கொண்டிருப்பார். இரண்டாவது கத்தலில் ஜெர்மன்காரர் ஒருவர் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருப்பார். மனைவிக்கு அந்தச் சமையல் பிடித்துப்போய், "இதையே வச்சுக்கலாமே" என்று ஒருமுறை சொல்லிவிட்டார். அன்றைய இரவு உணவு அமைதியாக நடந்தது.

இவ்வளவு பாடுபடும்போது அடுத்த இடத்தில் ஒரு பெரிய மோட்டார்ஹோம் வந்து நிற்கும். அதன் சொந்தக்காரர் இருக்கையை விட்டு எழாமல் ஒரு பொத்தானை அழுத்துவார். கூரையில் படுத்திருந்த டிஷ் தானாக எழுந்து, ஒரு சுற்றுச் சுற்றி, சரியான இடத்தில் நின்றுவிடும். நம்மவர் அதைப் பார்த்துக்கொண்டே நிற்பார். பிறகு மெல்ல அருகில் போய், துக்கம் விசாரிக்கும் குரலில், "ஆயிரத்துக்கு மேல ஆகியிருக்குமே?" என்று கேட்பார். ஆமாம் என்றதும் முகத்தில் ஒரு நிம்மதி. அந்த வண்டி ஓக் மரத்தடியில் நின்றுவிட்டால் நிம்மதி ஆனந்தமாகவே மாறிவிடும். கூரையில் பொருத்திய டிஷ் வண்டியை விட்டு நகராது. முக்காலி டிஷ்ஷைக் கேபிள் நீளம் உள்ள மட்டும் தூக்கிக்கொண்டு மரத்தைத் தாண்டிப் போகலாம். "உங்களுக்கு வேணும்னா என் ரெண்டாவது டிஷ்ஷைத் தரேன்" என்று சொல்லக் கிடைக்கும் அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் இரண்டாவது டிஷ்ஷே ஊர் ஊராகச் சுமக்கப்படுகிறது.

ஒருவழியாக பி.பி.சி. வந்துவிட்டது. என்ன பார்ப்பார்? ஃப்ரீசாட் பெட்டி முதலில் அஞ்சல் குறியீடு கேட்கும், அதற்கேற்ப வட்டாரச் செய்தியைக் காட்டும். பி.பி.சி.யின் எல்லா வட்டாரப் பதிப்புகளும் அந்த ஒரே வானத்தில் இருப்பதால், எங்கே நின்றாலும் சொந்த ஊர்க் குறியீட்டையே போடலாம். ஆகவே ஸ்காட்லாந்து மலைகளுக்கு நடுவே, வெளியே மான் மேய்ந்துகொண்டிருக்க, இவர் லீட்ஸ் நகரப் போக்குவரத்து நெரிசலைக் கண் கொட்டாமல் பார்க்கிறார். அந்தச் சாலையில் தான் இல்லை என்கிற இன்பத்தை வேறெந்தச் சேனலும் தராது.

அது முடிந்ததும் மெனுவுக்குப் போய் சிக்னல் அளவைப் பார்ப்பார். தரம் 68 சதவீதம் என்று காட்டும். பார்த்தவர் பார்த்தபடி இருக்க வேண்டுமே! டிஜிட்டல் படத்தில் அரைகுறை கிடையாது, தேவையான அளவு சிக்னல் இருந்தால் முழுப் படம், இல்லாவிட்டால் ஒன்றுமில்லை. 68 இருந்தாலும் 75 இருந்தாலும் கண்ணுக்கு ஒன்றுதான். இது அவருக்கும் தெரியும். ஆனாலும் துப்பறியும் தொடரில் கொலைகாரன் பெயரை இன்ஸ்பெக்டர் சொல்ல வாயெடுக்கும் தருணம் பார்த்து, ஒரு சின்னத் திருத்தத்துக்காக வெளியே போவார். திரை கறுக்கும். அவர் மனைவி இப்படியே பத்துப் பன்னிரண்டு கொலைகாரர்களைத் தப்பவிட்டிருக்கிறார். இப்போதெல்லாம் அந்தத் தொடர்கள் எந்தப் புத்தகத்திலிருந்து எடுக்கப்பட்டனவோ அதைக் கையோடு கொண்டுவந்துவிடுகிறார்.

2024 ஏப்ரலில் ஃப்ரீலி வந்தது. அதே இலவசச் சேனல்கள், டிஷ்ஷே இல்லாமல், இன்டர்நெட் வழியே. பேரன் போனை நீட்டி, "தாத்தா, இதுலயே எல்லாம் வருதே" என்றான். தாத்தா பொறுமையாக விளக்கினார். இன்டர்நெட்டுக்கு மாதாமாதம் பணம் கட்ட வேண்டும், வானத்துக்குக் கட்ட வேண்டாம். பிள்ளை வாயை மூடிக்கொண்டான். டிஷ்ஷை ஏற்றிக்கொள்ளத் தோதாகத் தாத்தா பழையதைவிடப் பெரிய கேரவானுக்கு மாறியதை அவன் அறிவான்.

குளிர்காலம் வந்தால் நம்மவர் பிளிமத்தில் கப்பலேறி சான்டாண்டரில் இறங்கி ஸ்பெயினின் தெற்குக்குப் போகிறார். மழையிலிருந்து தப்பிக்க என்று ஊரில் சொல்லிவிட்டுப் போகிறார். போய் இறங்கியதும் செய்கிற முதல் வேலை, இங்கிலாந்தில் மழை பெய்கிறதா என்று தெரிந்துகொள்ள டிஷ்ஷை நிறுத்துவது. இங்கேதான் வானம் கையை விரிக்கிறது. 2014 பிப்ரவரியில் பி.பி.சி. சேனல்கள் புதிய செயற்கைக்கோளின் பிரிட்டனை மட்டும் குறிவைக்கும் கற்றைக்கு மாறின. தெற்கே போகப் போக அது மங்கிக்கொண்டே வரும். ஸ்பெயினின் தென்கோடியில் ஆள் உயர டிஷ் வைத்திருப்பவர்களே தடுமாறுகிறார்கள். இவர் 80 சென்டிமீட்டரை வைத்துக்கொண்டு கடற்கரையில் விண்வெளியோடு மல்லுக்கு நிற்கிறார். சுற்றிலும் இதே வயதில், இதே தொப்பியில், இதே முக்காலியோடு இன்னும் நாலைந்து ஆங்கிலேயர்கள். மனைவிமார் கடலில் குளித்துவிட்டு, மீன் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வரும்போதும் அந்த மாநாடு கலைந்திருக்காது.

பிரெக்ஸிட்டுக்குப் பிறகு எந்த 180 நாளிலும் 90 நாளுக்கு மேல் அங்கே தங்க முடியாது. கெடு முடிந்ததும் மூட்டை கட்டிக்கொண்டு ஊர் திரும்புகிறார். வீட்டுச் சுவரில் பல வருஷங்களுக்கு முன்னால் காசு கொடுத்து, தொழில் தெரிந்த ஆளை வைத்து மாட்டிய டிஷ் ஒன்று இருக்கிறது. மழையோ பனியோ, பொத்தானை அழுத்தினால் படம் வந்துவிடும். அதனால் அந்த டிவியை அவர் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.