வொண்டர் உமனுக்கு வேலை தேடி

2017-இல் வந்த ‘வொண்டர் உமன்’ படத்தைப் பற்றிப் பேசும்போது என்னிடம் நடுநிலைமையை எதிர்பார்க்காதீர்கள். முதல் உலகப் போரின் பதுங்குகுழியிலிருந்து வொண்டர் உமனான டயானா ஏணியில் ஏறி, குண்டுமழைக்கு நடுவே கேடயத்தோடு நடப்பாரே, கொடுத்த டிக்கெட் காசு அங்கேயே வசூலாகிவிட்டது.

கூடுதல் காட்சிகள் எடுக்கும்போது டயானாவாக நடித்த கேல் கடோட் ஐந்து மாத கர்ப்பிணி. கவச உடையில் வயிற்றுப் பக்கத்தை வெட்டிப் பச்சைத் துணி வைத்து, பிறகு கம்ப்யூட்டரில் வயிற்றை மறைத்தார்கள். சிக்ஸ் பேக் ஆண்களுக்குத்தான் பலசாலி என்று பெயர்!

நாயகியை நம்பினால் கல்லா நிறையாது என்பது ஹாலிவுட் சாஸ்திரம். ‘கேட்வுமன்’, ‘எலெக்ட்ரா’ இரண்டும் கவிழ்ந்ததே அதற்குச் சாட்சி. 2011-இல் ‘கிரீன் லான்டர்ன்’ மண்ணைக் கவ்வியபோது, இனி ஆம்பளைகளை வைத்துப் படமெடுக்க வேண்டாம் என்று எந்த முதலாளியும் சொன்னதாகத் தெரியவில்லை. டயானா 80 கோடி டாலருக்கு மேல் வசூலித்துக் காட்டினார்.

1940-களின் காமிக்ஸில் நாயகர்கள் சங்கம் இதே டயானாவுக்குக் கொடுத்த பதவி, செக்ரட்டரி. மற்றவர்கள் உலகைக் காப்பாற்றப் போவார்கள். அம்மணி மினிட்ஸ் எழுதுவார்.

2016 அக்டோபரில் ஐ.நா. சபை பல பெண் வேட்பாளர்களைத் தாண்டி ஓர் ஆணைப் பொதுச் செயலாளராக நியமித்தது. அதே மாதம் பெண் முன்னேற்றத்துக்கான கௌரவத் தூதராக வொண்டர் உமனை அறிவித்தது. சம்பளம் கேட்கமாட்டார், நாற்காலியும் கேட்கமாட்டார். உடை சரியில்லை என்று ஊழியர்களே மனு போட, அந்த வேலையும் இரண்டு மாதம் தாண்டவில்லை.