எலுமிச்சம்பழமும் ஏரோடைனமிக்ஸும்

டெக்ஸஸில் பிக்கப் டிரக் இல்லாதவனை ஆள் கணக்கிலேயே சேர்க்கமாட்டார்கள். நானும் ஒன்று வாங்கினேன். எப்போதாவது ஒரு சோபா, தோட்டத்துக்கு இரண்டு மூட்டை மண். மற்ற நாளெல்லாம் பின்தொட்டியில் நான் ஏற்றிப்போவது வெறும் காற்று. அந்தக் காற்றுக்கும் டிக்கெட் உண்டு என்பது பெட்ரோல் பில்லைப் பார்த்தால் தெரியும். 50 மைல் வேகத்தில் வண்டியைப் பிடித்து இழுக்கிற காற்று, 70 மைலில் ஏறக்குறைய இரண்டு மடங்காக இழுக்கும்.

"பின்கதவைத் திறந்துபோட்டு ஓட்டு, காற்று அது பாட்டுக்குப் போய்விடும்" என்றார் நண்பர். நம்பிவிடலாம் போலத்தான் இருந்தது. ஆனால் மித்பஸ்டர்ஸ் என்ற டிவி நிகழ்ச்சியில் ஓட்டியே பார்த்துவிட்டார்கள். கதவை மூடி ஓட்டிய வண்டிதான் அதிக தூரம் போனது. மூடிய தொட்டிக்குள் ஒரு காற்றுச்சுழல் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்ள, மேலே வருகிற காற்று அதன் தலைமேல் வழுக்கிப் போய்விடுகிறதாம். அந்தச் சுழலின் வேலையைச் செய்ய நிரந்தரமாக ஒரு மூடி போட்டுவிட்டால் என்ன?

கேபின் உச்சியிலிருந்து பின்கதவுவரை பத்துப் பன்னிரண்டு டிகிரி சரிவு. அதற்கு மேல் சரித்தால் காற்று கோபித்துக்கொண்டு பிரிந்துவிடும். வால் நீண்டு கூராக முடியவேண்டியதில்லை, நடுவில் வெட்டினாலும் பெரிய நஷ்டமில்லை என்று வூனிபால்டு காம் என்ற ஜெர்மானியர் 1930களிலேயே காட்டிவிட்டார். அலுமினிய ஆங்கிளில் சட்டம் அடித்தேன். மேலே போர்த்த, தேர்தல் முடிந்து அநாதையாகக் கிடந்த பிளாஸ்டிக் விளம்பர அட்டைகளைக் கேட்டு வாங்கிவந்து ரிவெட் அடித்தேன். அமெரிக்காவின் இரண்டு கட்சிகளும் கூட்டணி வைத்திருக்கும் ஒரே இடம் என் வண்டிதான்.

"ஏங்க, யாருக்கு இந்தச் சவப்பெட்டி?" என்றாள் மனைவி.

அடுத்தது சோதனை. மூடி முழுக்கச் சிவப்பு உல்லன் நூலைத் துண்டுதுண்டாக ஒட்டினேன். ஓடும்போது நூல் படிந்து கிடந்தால் காற்று ஒட்டிப் போகிறது. நூல் எழுந்து ஆடினால் சரிவு சரியில்லை. மாயவரத்திலிருந்து வந்திருந்த மாமியார் அதைச் சுற்றிவந்து பார்த்தார்.

"திருஷ்டிக்கா மாப்ளே? நூல் மட்டும் போதாதே" என்று எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்து வாலில் கட்டிவிட்டார்.

மனைவி பக்கத்துத் தடத்தில் காரில் வர, வீடியோ எடுக்கும் பொறுப்பு மாமியாருக்கு. பெரும்பாலும் மாடுகளைத்தான் எடுத்திருந்தார். கிடைத்த கொஞ்சத்தில் நூல்களெல்லாம் சமர்த்தாகப் படுத்திருந்தன. எலுமிச்சம்பழம் மட்டும் பின்கதவைத் தொம்தொம்மென்று குத்திக்கொண்டிருந்தது. வெட்டிய வாலுக்குப் பின்னால் காற்று திரும்பிச் சுழல்வதை இவ்வளவு தெளிவாக எந்த நூலும் காட்டியதில்லை.

காலனுக்கு 18 மைல் கொடுத்த வண்டி 20 கொடுத்தது. "பழம் கட்டினப்புறம் தேவலை இல்ல?" என்றார் மாமியார்.

ஊர் திரும்பிய பிறகும் அமாவாசைதோறும் அவரிடமிருந்து போன் வருகிறது. மைலேஜைப் பற்றிப் பேச்சே இல்லை. பழம் மாற்றியாயிற்றா என்றுதான் கேட்பார். மாற்றிவிடுகிறேன். பழைய பழத்தோடு ஓட்டினால் அரை மைல் குறைகிறதோ என்று எனக்கே ஒரு சந்தேகம்.