மேஷத்துக்கு வரவு

பொது நூலகத்தில் எழுத்துப் பயிலரங்கு என்றால் வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, பொன்னாடை எல்லாம் முடிந்த பிறகுதான் பயிற்சி. "சுருக்கமாக எழுதுங்கள்" என்பதைப் பயிற்சியாளர் முக்கால் மணி நேரம் விளக்குவார். பேனாவைத் திறக்கும்போது டீ வந்துவிடும்.

அவர் தலைக்கு மேலேயே தொங்குகிறது, சிவகாசியில் அச்சான தினசரி காலண்டர். பன்னிரண்டு ராசிக்கும் ஆளுக்கொரு சொல். மேஷத்துக்கு வரவு, ரிஷபத்துக்குச் செலவு, மிதுனத்துக்கு அலைச்சல். வர்ணனை இல்லை, மேற்கோள் இல்லை. ஆனாலும் காலையில் தாளைக் கிழித்தவர் சாயங்காலம் வரை அந்த ஒற்றைச் சொல்லையே நினைத்துக்கொண்டு திரிவார். எந்தச் சிறுகதைக்கு வாய்த்திருக்கிறது அந்தக் கொடுப்பினை?

அதே சிவகாசியின் பட்டாசுப் பெட்டியையும் திருப்பிப் பாருங்கள். எப்படிப் பற்றவைப்பது, எவ்வளவு தள்ளி நிற்பது, அவ்வளவுதான். புரியாமல் எழுதினால் வாசகருக்கு விரல் போய்விடும் என்பதால், "தென்றல் தவழும் அந்தி மாலையில்" என்று யாரும் அதில் ஆரம்பிப்பதில்லை. நம் கட்டுரையாளர்களுக்கும் அப்படியொரு பயம் இருந்தால் தேவலை.

எழுத்து பயிலரங்கில்தான் வரும் என்றில்லை. சிவகாசி இருக்கும் அதே மாவட்டத்து மேலாண்மறைநாட்டில் ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, சின்னதாக ஒரு கடை நடத்திய மேலாண்மை பொன்னுச்சாமி, 'மின்சாரப்பூ' சிறுகதைத் தொகுப்புக்காக 2008இல் சாகித்திய அகாதெமி விருது வாங்கினார்.

ஏற்பாட்டாளர்களே, அடுத்த முறை வாழ்த்துரையை விட்டுவிட்டு அவருடைய கதை ஒன்றை வாசிக்க வையுங்கள். சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்து பைசா நூலக வரி கட்டுவது அதற்காகத்தான்.