மேசை தட்டிய வகையில்

நீட் விலக்கு கேட்டு 2017-இல் நம் சட்டமன்றம் மசோதா நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. 2021-இல் இன்னொன்று; அதை ஆளுநர் பின்னர் திருப்பி அனுப்பினார். 2022 பிப்ரவரி 8-இல் அதையே மறுபடி நிறைவேற்றினார்கள். 2025 ஏப்ரலில், டெல்லி அதையும் நிராகரித்துவிட்டதாக முதல்வரே அறிவித்தார். (நடுவில், 2024 ஜூனில், ஒரு தீர்மானம். தீர்மானத்துக்கு யார் ஒப்புதலும் வேண்டாம்; அது ஒரு வசதி.)

வளவனூர்ப் பையனுக்கு முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரி பஸ் போகிற தூரம்தான். குறுக்கே நிற்பது கோச்சிங் ஃபீஸ்.

"இத்தினி ஓட்டெடுத்தாங்களே, நீட்டு போயிடுமா தம்பி?" என்றார் டீக்கடைப் பெரியவர்.

"நீட் போகாது பெரியப்பா, ஓட்டு வரும்."

உருப்படியாகப் பலன் தந்தது, 2020-இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்குக் கொடுத்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. அதில் சேரவும் நீட் எழுதியாக வேண்டும்.