கொடுக்கக் கை நிறைய வேண்டுமா?

கேள்வி: ஒப்பந்தத் தொழிலாளியின் மகள் நான். தொண்டு நிறுவனம் நடத்த ஆசை. “உனக்கே யாராவது உதவணும்” என்கிறார்களே?
– ஒரு வாசகி, நெய்வேலி

பதில்: மண்ணுக்கடியில் கிடந்த நிலக்கரியை எடுத்து ஊருக்கெல்லாம் விளக்கேற்றும் நெய்வேலியிலிருந்தா இந்தச் சந்தேகம்! சமூகப் போராளி கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனைப் பாருங்கள். 1926இல் நிலமற்ற தலித் குடும்பத்தில் பிறந்தவர். சமூக சேவகி டாக்டர் சௌந்தரத்தின் ஆதரவில் மதுரையில் படித்தார். 1968இல் கீழ்வெண்மணியில் தலித் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரிக்கப்பட்டதும் கீழத்தஞ்சைக்கே போய்த் தங்கினார். 1981இல் கணவரோடு, நிலமற்றோருக்கு நிலம் பெற்றுத்தரும் ‘லாஃப்டி’ அமைப்பைத் தொடங்கினார். காணி நிலமில்லாத வீட்டுப் பெண், ஆயிரக்கணக்கான பெண்களை நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் ஆக்கினார்! எப்படி? நிலக்கிழாரிடமும் அரசிடமும் வங்கியிடமும் கூசாமல் கேட்டார். 2008இல் ‘மாற்று நோபல்’ எனப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது அவரைத் தேடி வந்தது. நிறுவனம் பிறகு வரட்டும். படிப்பை விடாதீர்கள்; உங்கள் தெருப் பிள்ளைகள் நாலு பேருக்கு இந்த வாரமே பாடம் சொல்லித்தர ஆரம்பியுங்கள்.